காரின் கம்ப்யூட்டரைத் திருத்தினால் பலம் கூடுமா?

பெங்களூரில் ஒரு புதிய மோகம் பரவியிருக்கிறது. காரில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு லேப்டாப்பை மாட்டி, சில மணி நேரத்தில் வண்டியின் பலத்தைக் கூட்டித் தருகிறோம் என்கிறார்கள். "ரீமேப்" என்று இதற்குப் பெயர். வண்டியைப் பொறுத்து சுமார் 20 ஆயிரம் ரூபாயில் இருந்து 40 ஆயிரம் வரை வாங்குகிறார்கள்.

இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள், அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருப்பவர்கள் எத்தனையோ பேர் கடன் போட்டு ஒரு பழைய டீசல் காரோ, சின்ன பெட்ரோல் காரோ வாங்கி வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போக அதுதான் வாகனம். "மேட்டில் இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்று தகப்பனார் சொல்கிறார். "ரீமேப் போட்டால் பறக்கும் அப்பா. மைலேஜும் கூடும்" என்று கல்லூரியில் படிக்கும் மகன் சொல்கிறான். ஒரு மாதச் சம்பளம் அங்கே போய்விடுகிறது.

கொடுக்கலாமா? பெரும்பாலோர் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சிலருக்கு மட்டும் அதில் உண்மையான பலன் உண்டு. யார் அந்தச் சிலர் என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுக்கவேண்டும்.

பழைய பம்ப் கதை

இந்த வித்தை ஒன்றும் புதிது அல்ல. ஆடுகோடி மைக்கோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். டீசல் பம்ப் அங்கேதான் தயாரானது. எவ்வளவு டீசல் போகவேண்டும் என்ற அளவை வைத்து, யாரும் தொடக்கூடாது என்று முத்திரையும் போட்டு அனுப்புவார்கள். லாரிக்காரர்கள் வாங்கிய சில மாதத்திலேயே மெக்கானிக்கிடம் போய் "பம்ப்பைக் கொஞ்சம் ஏற்றிவிடு" என்பார்கள். முத்திரை உடையும், திருகாணி திரும்பும், டீசல் கூடுதலாகப் போகும். லாரி இழுக்கும். கறுப்புப் புகையும் கக்கும். சுமையோடு நெடுந்தூரம் ஓடும்போது என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போகும், சில சமயம் பிஸ்டனே கருகும். ஏற்றிவைத்த லாரியை ஒரு பர்லாங்கு தூரத்தில் வரும்போதே புகையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மைக்கோ என்ற பெயர் 2008-ல் பாஷ் என்று மாறியது. அந்த ஆடுகோடி வளாகம் 2022-ல் கம்ப்யூட்டர் வேலைக்கான புதிய வளாகமாகத் திறந்து வைக்கப்பட்டது. திருகாணி இருந்த இடத்துக்கு மென்பொருள் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்!

இன்றைய காரில் ஒரு சிறு புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஈ.சி.யூ. என்பார்கள். உள்ளே வரும் காற்று எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு, ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்றெல்லாம் அது பார்த்துக்கொண்டே இருக்கும். ரயில்வே கால அட்டவணை மாதிரி அதற்குள் அட்டவணைகள் உண்டு. இந்தச் சுழற்சியில், இந்தச் சுமையில் இவ்வளவு எரிபொருள், இந்த நொடியில் தீப்பொறி, டர்போ இவ்வளவு காற்றை அழுத்தவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ரீமேப் செய்கிறவர் அந்த எண்களை மாற்றி எழுதுகிறார். அவ்வளவுதான் வேலை.

கம்பெனிக்குத் தெரியாதா?

"கம்பெனிக்காரன் பலத்தைப் பூட்டி வைத்திருக்கிறான், நாங்கள் திறந்துவிடுகிறோம்" என்று கடையில் சொல்வார்கள். இது பாதி உண்மை.

கம்பெனி ஒரே அட்டவணையை எழுதி வண்டியை நாடு முழுவதும் விற்கிறது. ராஜஸ்தான் வெயிலிலும் அது ஓடவேண்டும், லே லடாக்கின் உயரத்திலும் ஏறவேண்டும். ஏதோ ஒரு கிராமத்துப் பங்கில் கலப்பட டீசல் போட்டாலும் என்ஜின் கெடக்கூடாது. குறித்த காலத்தில் ஆயில் மாற்றாத மனிதர் கையிலும் அது சில லட்சம் கிலோமீட்டர் உழைக்கவேண்டும். புகைச் சட்டத்துக்கும் அடங்கவேண்டும். இத்தனைக்கும் சேர்த்துக் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். ரீமேப் அந்த மிச்சத்தில்தான் கை வைக்கிறது.

மற்ற பாதி எப்படி என்பதற்கு ரெனால்ட் டஸ்டர் ஒரு நல்ல உதாரணம். 2012-ல் அந்த வண்டி வந்தபோது ஒரே 1.5 லிட்டர் டீசல் என்ஜினை 85 குதிரை சக்தியிலும் 110 குதிரை சக்தியிலும் விற்றார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மென்பொருள் மட்டும்தானா? அல்லவே! 110 வண்டிக்கு வேறு டர்போ போட்டார்கள். ஐந்து கியருக்குப் பதில் ஆறு கியர் பெட்டி வைத்தார்கள். 25 குதிரைகளைக் கூட்டுவதற்கு என்ஜினைச் செய்த கம்பெனியே இரும்பை மாற்றவேண்டியிருந்தது. லேப்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதே 25-ஐத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், இரும்பின் பங்கு எங்கே போயிற்று என்று கேட்கத்தான் வேண்டும்.

காற்று இல்லாமல் பலம் இல்லை

எல்லாவற்றுக்கும் முதலில் தெரியவேண்டியது, வண்டியில் டர்போ இருக்கிறதா இல்லையா என்பதே.

டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் தானாக மூச்சு இழுக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோல் எரியும். மென்பொருளால் காற்றைக் கூட்ட முடியாது. தீப்பொறியைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவரலாம், அழுத்தி ஓட்டும்போது பெட்ரோலைச் சற்று கூட்டிக் குறைக்கலாம். இதில் கிடைப்பது 100-க்கு 5 அளவு. நன்றாகச் செய்தாலும் 10-ஐத் தொடுவது கடினம். ஒரு லிட்டர் வேகன் ஆர் காருக்கு 67 குதிரை சக்தி. அதில் 100-க்கு 5 என்றால் மூன்று குதிரை. குடும்பத்தில் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டால் கிடைக்கும் இலகுவும் ஏறக்குறைய அதுதான்!

இங்கே பெங்களூர்வாசிகள் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்று மெல்லியது. டர்போ இல்லாத என்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இந்த உயரத்திலேயே இழந்துவிடுகிறது. அதே வண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போனதும் சற்று சுறுசுறுப்பாக இழுப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். "ஊர்க் காற்று பட்டதும் வண்டிக்கும் உற்சாகம்" என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. அது வேடிக்கை அல்ல, அடர்த்தியான காற்றுதான் காரணம். 20 ஆயிரம் கொடுத்து ரீமேப்பில் வாங்கும் பலத்தைவிட அதிகமாகச் சேலம் இலவசமாகத் தருகிறது.

டர்போ வண்டியின் கதை வேறு. அதில் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி இருப்பதால், அழுத்தத்தைக் கூட்டு என்று மென்பொருள் சொன்னால் கூடும். அதற்கேற்ற டீசலும் போகும். நல்ல நிலையில் உள்ள டர்போ டீசலில் 100-க்கு 20, சிலவற்றில் அதற்கு மேலும் கிடைக்கிறது. இதை மறுக்க முடியாது. ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு முதல் கியரிலேயே தெரியும்.

ஆனால் தெரிவது எல்லாம் பலம் அல்ல. ஆக்சிலேட்டர் கேபிள் இல்லாத இன்றைய கார்களில், மிதியின் அட்டவணையையும் மாற்றிவிட முடியும். கால்வாசி மிதித்தால் அரைவாசி திறக்கும்படி எழுதிவிடுவார்கள். மிதித்த உடனே வண்டி பாயும். ஓட்டுகிறவருக்கு ஆனந்தம் தாங்காது. முழுவதும் மிதித்துப் பார்த்தால் பழைய வண்டிதான்! இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, டைனோ என்னும் உருளை மேடையில் ஏற்றி ரீமேப்புக்கு முன்பும் பின்பும் அளப்பது. அதே வண்டியை, அதே நாளில் அளந்த வரைபடம் தரமுடியாத கடையை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

மைலேஜ் கணக்கு

மைலேஜ் கூடும் என்ற ஆசைதான் குடும்பஸ்தர்களை அதிகம் இழுக்கிறது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒருவர் ஆண்டுக்கு 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைக்கிறது. டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 50 ஆயிரம் ரூபாய். ரீமேப்பால் மைலேஜ் 100-க்கு 5 கூடியது என்றே ஒப்புக்கொள்வோம். 18 கிலோமீட்டர் 18.9 ஆகும். ஆண்டுக்கு மிச்சம் சுமார் 2,400 ரூபாய். ரீமேப்புக்குக் கொடுத்த 30 ஆயிரம் திரும்பி வரப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டியே காயலான் கடைக்குப் போய்விடும்.

இதுவும் பழைய மாதிரியே நிதானமாக ஓட்டினால்தான். பலம் வந்த பிறகு கால் சும்மா இருக்குமா? கூடுதல் பலத்தை அனுபவிக்கிறவரின் மைலேஜ் குறையத்தான் செய்கிறது.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களின் குறை வேறு. 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜ் சற்று விழுவது இயற்கை. லேப்டாப்பால் எரிபொருளுக்குள் சக்தியைப் போடமுடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்கென்று எழுதிய அட்டவணையை ஏற்றிக்கொண்டு, பணத்தை மிச்சப்படுத்த சாதாரண பெட்ரோலைப் போட்டு ஓட்டினால் என்ஜின் தட்ட ஆரம்பிக்கும்.

கிளச் சொல்லும் நியாயம்

மற்ற எதையும் மாற்றாத வண்டியில் என்ஜினின் இழுவையை மட்டும் கூட்டினால் அந்த அடியை வாங்குவது யார்? முதலில் கிளச். பிறகு கியர் பெட்டி, அச்சு. 190 நியூட்டன் மீட்டர் இழுவைக்காகப் போட்ட கிளச்சில் 240 ஏறினால், புதிய கிளச் தாங்கலாம். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த கிளச் தாங்காது. மேட்டில் மிதிக்கும்போது என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது, கருகல் வாடை வரும். ரீமேப் செலவு 30 ஆயிரம் என்று போனவர் கிளச் செலவையும் சேர்த்துக் கட்டவேண்டி வரும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் இது இன்னும் நுட்பமான விஷயம். வோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வந்த ஏழு கியர் உலர் கிளச் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்று செய்யப்பட்டது. என்ஜின் எவ்வளவு தர முடியும் என்பது வேறு, கியர் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பது வேறு. அந்தப் பெட்டிக்கு வேலை வந்தால் ஒரு குமாஸ்தாவின் ஆண்டு சேமிப்பு போதாது.

பிரேக்கும் டயரும் பழையபடியே இருக்கின்றன என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏறும்போது கூடுதல் பலம் உதவும். ஆனால் தொப்பூர் இறங்குவதும் உண்டே! அங்கே நடந்த விபத்துகள் பெரும்பாலும் வண்டி நிற்காமல் நடந்தவையே தவிர, இழுக்காமல் நடந்தவை அல்ல.

பெங்களூருக்கு உள்ளேயோ கேட்கவே வேண்டாம். சில்க் போர்டு சந்திப்பில் 75 குதிரையும் 100 குதிரையும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"மென்பொருளை எந்தப் போலீஸ்காரர் பார்க்கப்போகிறார் சார்?" என்று கடையில் தைரியம் சொல்வார்கள். ரோட்டில் பார்க்கமாட்டார் என்பது சரிதான். பார்க்கிறவர்கள் வேறு. உத்தரவாதக் காலத்தில் என்ஜின் கெட்டு கம்பெனி ஒர்க் ஷாப்புக்குப் போனால், அட்டவணை மாற்றி எழுதப்பட்டதை அவர்கள் கம்ப்யூட்டர் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். உத்தரவாதம் அன்றோடு முடிந்தது. பெரிய விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியும் தோண்டிப் பார்க்கும். மாற்றத்தை முன்கூட்டியே எழுதித் தெரிவிக்காதவர் நஷ்ட ஈட்டுக்கு நடையாய் நடக்கவேண்டியிருக்கும்.

டீசல் வண்டிகளில் ரீமேப்போடு சேர்த்து, புகைப் பாதையில் இருக்கும் வடிகட்டியையும் எடுத்துவிடுகிறோம் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். இது மட்டும் கூடவே கூடாது. மென்பொருளால் புகையை மறைத்த குற்றத்துக்காக 2015-ல் வோக்ஸ்வாகன் கம்பெனியே உலகத்தின் முன் தலைகுனிந்தது. உலகம் முழுவதும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள்! சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டு அப்போது மட்டும் புகையைக் குறைத்த மென்பொருள் அது. இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வடிகட்டியை எடுத்த காரின் பின்னால் சிக்னலில் ஸ்கூட்டரில் நிற்பது யார்? குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும் இன்னொரு தொழிலாளிதான்.

முதலில் செய்யவேண்டியது

வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் ஏன் என்று பார்க்கவேண்டும். அடைத்துப்போன ஏர் பில்டர், மாற்றாத டீசல் பில்டர், காற்றுக் குறைந்த டயர், உரசிக்கொண்டே ஓடும் பிரேக், தேய்ந்த ஸ்பார்க் பிளக், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, கரி அடைத்த வால்வு என்று காரணங்கள் பல. இவற்றில் பாதிக்குச் செலவு சில நூறு ரூபாய். ஹோஸ் வெடித்த வண்டிக்கு ரீமேப் போட்டால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பழுதை அட்டவணையால் மூட முடியாது.

இவை எல்லாம் சரியாக இருந்து, வண்டி டர்போ வண்டியாகவும் இருந்து, உத்தரவாதக் காலமும் முடிந்து, கிளச்சும் உறுதியாக இருந்து, மாதம் இரண்டு மூன்று தடவை ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரியான மலைப் பாதையில் சுமையோடு ஏறுகிறவராகவும் இருந்தால், மிதமான ரீமேப் அவருக்குப் பலன் தரும். மிதமான என்பது முக்கியம். கடைக்காரர் 100-க்கு 30 தருகிறேன் என்றாலும் 15 போதும் என்று சொல்லத் தெரியவேண்டும். இன்சூரன்ஸுக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, கிளச் செலவுக்கும் தனியாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு செய்யட்டும். அசல் பைலின் நகலை பென் டிரைவில் வாங்கி வீட்டில் வைக்கவேண்டும்.

டாக்சி ஓட்டும் தோழர்களுக்கு இதுவும் பொருந்தாது. 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருகிறோம் என்று அவர்களிடம் ஆசை காட்டுகிறார்கள். பர்மிட்டோடு விளையாடும் வேலை அது.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஒரு சின்ன பிளக் விற்கிறதே, அதை மாட்டினால் பலமும் மைலேஜும் கூடும் என்கிறார்களே என்று கேட்கலாம். அந்த மாதிரிப் பிளக்கைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள் உள்ளே விளக்கு சிமிட்டும் வேலையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரோடு அது பேசுவதே இல்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். முன்பு வைத்திருந்தவர் ரீமேப் போட்டு ஓட்டிய வண்டியாக அது இருக்கலாம். அழுத்தி மிதிக்கும்போது பின்னால் கறுப்புப் புகை வருகிறதா, நான்காவது கியரில் மேடு ஏறும்போது கிளச் வழுக்குகிறதா என்று ஓட்டிப் பார்க்கவேண்டும். ரீமேப் போட்டதாக விற்பவரே பெருமையாகச் சொன்னால் அசல் பைல் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். இல்லை என்றால் புதுக் கிளச் விலையையும், அசல் புரோகிராமைத் திரும்ப ஏற்றும் கூலியையும் கழித்துக்கொண்டுதான் விலை பேசவேண்டும்.